எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்) நோயில் யோசனை மந்தமாவது: கேள்வி பதில்

கொக்குவில் வாசகர்: மனுசிக்கு எம்.எஸ். கிளினிக்கில திகதி, இடம், மூண்டு சொல்லு எல்லாம் கேட்டு 30க்கு 29 போட்டவை. ஆனா அடுப்பில கறி கிடக்கேக்க போன் வந்தா, கறியை மறந்துபோறா. எதை நம்புறது?

வீட்டில் கண்டதை நம்புங்கோ. அந்த 30 புள்ளிச் சோதனை முதியோரின் மறதிநோயைப் பிடிக்க வந்தது. எம்.எஸ்.ஸில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது யோசிக்கிற வேகம். இந்த நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதையும்; அப்போது செய்தி பிந்தித்தான் போய்ச் சேரும். நேரக் கணக்கு இல்லாத சோதனையில் இது தெரியாது. ஆறுதலாக யோசித்துச் சரியான விடை சொல்லிவிடுவா.

எஸ்.டி.எம்.டி. என்ற, யோசிக்கிற வேகத்தை அளக்கும் குறி-இலக்கச் சோதனை செய்யலாமா என்று கேளுங்கோ. தாளின் மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 9 வரை ஒரு இலக்கம். அதைப் பார்த்துக்கொண்டே கீழே வரிசையாக உள்ள குறிகளுக்கு இலக்கம் சொல்ல வேணும். 90 செக்கனில் எத்தனை சரியோ அதுதான் புள்ளி. எழுதாமல் வாயால் சொல்வதே நல்லது. கை நடுங்கினால் எழுத்துப் பிந்தி, புள்ளி வீணாகக் குறையும். வாசிக்கிற கண்ணாடியை மறக்க வேண்டாம். எம்.எஸ்.ஸில் கண் நரம்பும் பாதிக்கப்படலாம்.

பருத்தித்துறை வாசகி: எனக்கு எஸ்.டி.எம்.டி.யில 44 வந்தது. பயப்பட வேணுமோ?

தனி 44ஐ வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. வயது, படிப்பு இரண்டும் புள்ளியை மாற்றும். ஒப்பிடும் அட்டவணைகளும் பெரும்பாலும் வெளிநாட்டாரை வைத்துப் போட்டவை. உங்கள் பழைய புள்ளிதான் உங்களுக்கு அளவுகோல். வருடத்துக்கு ஒருமுறை செய்யுங்கோ. 4 புள்ளி குறைந்தால் கவனிக்க வேணும். ஒரே தாளைத் திரும்பத் திரும்பச் செய்தால் பழக்கத்தில் புள்ளி கூடி, இறக்கம் மறைந்துவிடும். மாற்றுத் தாள் கேட்பது உங்கள் உரிமை.

சாவகச்சேரி வாசகர்: ஸ்கானில மாற்றமில்லை எண்டால் சோதனை தேவையோ?

தேவை. ஸ்கானில் தெரியும் தழும்பும் யோசனை வேகமும் எப்போதும் சேர்ந்து போவதில்லை.

நல்லூர் வாசகி: அண்ணாவுக்குப் புள்ளி நல்லாய் விழுந்திட்டுது. நோய் முத்தீட்டுதோ?

உடனே அந்த முடிவுக்குப் போகாதேங்கோ. நோய் திடீரெனக் கூடிய நேரத்திலோ ஸ்டீரொயிட் ஏற்றும் நாட்களிலோ செய்திருந்தால், சில கிழமை விட்டுத் திரும்பச் செய்ய வேணும். சித்திரை வெயிலில் விடிய வந்து, மத்தியானம் வரை வரிசையில் இருந்தவருக்கும் புள்ளி குறையும். சூடும் களைப்பும் எம்.எஸ்.ஸுக்கு ஆகாது. நித்திரை, மனச்சோர்வு, தைரொயிட், பி12 எல்லாம் பார்க்கச் சொல்லுங்கோ. சலத்துக்குக் குடுக்கும் ஒக்ஸிபியூட்டினின், தசை இறுக்கத்துக்குக் குடுக்கும் பக்லோபென் இரண்டும் மந்தப்படுத்தலாம். குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம்: பக்லோபெனைத் திடீரென விட்டால் வலிப்பு வரலாம்.

மானிப்பாய் வாசகர்: ஆங்கிலச் சொற்பட்டியல் ஞாபகச் சோதனையை நாங்களே தமிழாக்கிச் செய்யலாமோ?

வேண்டாம். 16 சொற்களை ஐந்து முறை வாசித்துக் கேட்கும் சோதனை அது. மொழிபெயர்த்தால் சொல்லின் நீளமும் புழக்கமும் மாறும். பிறகு ஆங்கில அட்டவணை பொருந்தாது. அதற்குப் பதிலாக, நோயாளி எதை, எப்போது, எந்தச் சந்தர்ப்பத்தில் தவறவிட்டார் என்று வீட்டில் ஒருவர் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கோ. நோயாளி சொல்வதை மட்டும் எடுத்தால், மனச்சோர்வு உள்ளவர் கூட்டிச் சொல்லுவார், குறைபாடு கூடியவர் குறைத்துச் சொல்லுவார்.