நான்கு தடவை படித்தும் ஏன் மறக்கிறது?

கேள்வி: வரலாற்றுப் பாடங்களை நான்கு தடவை படித்துவிட்டேன். வீட்டில் எல்லாம் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. தேர்வு அறையில் உட்கார்ந்தால் ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. போன தேர்வில், முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியோடு செய்த வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைக்கு 1914 என்று எழுதிவிட்டு வந்தேன். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: நான்கு தடவை படித்தேன் என்கிறாய், சரி தம்பி. அதில் ஒரு தடவையாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தாயா? எனக்கு அதுதான் முதல் சந்தேகம். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும், பழகின வரியைப் பார்த்ததும் 'இதுதான் தெரியுமே' என்று மனசு தாண்டிப் போய்விடும். தினமும் எதிரில் வருகிற ஒருவரின் முகம் நன்றாகத் தெரியும், பெயரைக் கேட்டால் முழிப்போம் இல்லையா, அந்தக் கதைதான். தேர்வில் கேட்பது பெயரை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் தாளைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: வாசித்தவர்களுக்கு நினைவில் இருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வீட்டில் உனக்கு 'எல்லாம் தெரிகிற மாதிரி' இருக்கிறதே, அது அந்த ஐந்தாவது நிமிடம்.

அதனால் இனிமேல் ஒரு பாடத்தை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதைக் கிறுக்கிப் பார். கையெழுத்து, வரிசை எதுவும் முக்கியமில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் எழுது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அதே பாடத்தை மறுபடியும் வெற்றுத்தாளில் ஆரம்பி. முதல் தடவை தாள் பாதிக்கு மேல் அந்த வேறு நிறமாகத்தான் இருக்கும், எரிச்சலாக வரும், பயப்படாதே.

இப்போது ஆண்டுகள். தனித்தனி எண்ணாக மனப்பாடம் செய்தால் அவை ஒட்டாது, ஒன்றை இன்னொன்றோடு கட்டிப்போட வேண்டும். நீ குழம்பிய இடத்தையே எடுத்துக்கொள்வோம். 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டைச் சுட்டுக் கொன்றார்கள். வெர்செய்ல்ஸில் கையெழுத்தானது 1919 ஜூன் 28. அதே தேதி, சரியாக ஐந்து ஆண்டு இடைவெளி. முதல் ஜூன் 28இல் துப்பாக்கி, இரண்டாவதில் பேனா. இன்னும் ஒன்று சொல்கிறேன், அந்தக் கையெழுத்து நடந்த கண்ணாடி மண்டபத்தில்தான் 1871இல், பிரான்ஸுடன் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்தார்கள். நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து அதே இடத்தில் ஜெர்மனியை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியது பிரான்ஸ். மூன்று தேதியும் இப்போது ஒரே கதைக்குள் வந்துவிட்டன.

ஒரு கொலை எப்படி உலகப்போர் ஆனது என்பதையும் அம்புக்குறி போட்டு வரைந்து பார். ஜூலை 28, ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவிக்கிறது. செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்டுகிறது. ஆகஸ்ட் 1, ஜெர்மனி ரஷ்யா மீது. ஆகஸ்ட் 3, ஜெர்மனி பிரான்ஸ் மீது. மறுநாள் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, பிரிட்டனும் இறங்குகிறது. ஒரே வாரம். 'கூட்டணி முறை ஒரு காரணம்' என்ற வரியைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட அந்த வாரத்தை ஒரு தடவை வரைவது மேல்.

கேள்வி: 'வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைதான் ஹிட்லரின் எழுச்சிக்குக் காரணமா?' என்ற கேள்விக்கு, உடன்படிக்கையின் ஷரத்துகள் ஒன்றுவிடாமல் மூன்று பக்கம் எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. தோழி ஒன்றரைப் பக்கம் எழுதி என்னைவிட அதிகம் வாங்கினாள். இது நியாயமா?
- ஒரு மாணவி

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் நியாயம்தான் என்று நினைக்கிறேன். 'காரணமா?' என்று கேட்டிருக்கிறார்கள். 'ஷரத்துகளை எழுது' என்று கேட்கவில்லை. வினாத்தாளில் கடைசிச் சொல்லைப் பார்க்காமல், தெரிந்த பெயர் கண்ணில் பட்டதும் படித்ததை எல்லாம் கொட்டிவிடுவது அநேகமாக எல்லோருக்கும் உள்ள பழக்கம். திருத்துகிறவர் மூன்று பக்கத்தையும் புரட்டி 'ஆமாவா, இல்லையா?' என்று தேடிக்கொண்டிருந்திருப்பார்.

இந்த மாதிரிக் கேள்விக்கு எனக்குப் பிடித்த வழி, 'ஏன் அப்போது? ஏன் அதற்கு முன்னால் இல்லை?' என்று கேட்டுப் பார்ப்பது. உடன்படிக்கை 1919. ஹிட்லர் பிரதமரானது 1933 ஜனவரி 30. நடுவில் பதினாலு ஆண்டு இருக்கிறதே, அதுவரை என்ன நடந்தது? 1928 தேர்தலில் நாஜி கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு. உடன்படிக்கையின் மீதான கோபம் ஒன்றே போதும் என்றால் அப்போதே ஜெயித்திருக்க வேண்டாமா? 1930இல் அது 18.3 ஆனது, 1932 ஜூலையில் 37.3. இடையில் வந்தது 1929இன் பொருளாதாரப் பெருமந்தம், வேலையில்லாத லட்சக்கணக்கான பேர். ஆக, உடன்படிக்கை கோபத்தைக் கொடுத்தது, அந்தக் கோபம் வாக்காக மாறியதற்குப் பெருமந்தம் வேண்டியிருந்தது, கடைசியில் ஹிட்லரைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க், அவரைச் சுற்றி இருந்தவர்கள் இவரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று போட்ட தப்புக் கணக்கும் சேர்ந்தது. முதல் வரியிலேயே 'ஒரு காரணம்தான், ஒரே காரணம் அல்ல' என்று எழுதிவிட்டு இதை விரித்தால் ஒன்றரைப் பக்கம் தாராளம். ஷரத்துகளில் போர்ப்பழியை ஜெர்மனி மீது சுமத்திய 231ஐயும், இழப்பீட்டுத் தொகையையும் சொன்னால் போதும்.

கேள்வி: என் மகன் வரலாற்றைப் புத்தகத்தில் படிக்காமல் வீடியோவாகவே பார்க்கிறான். கேட்டால் 'இதுவும் படிப்புதான்' என்கிறான். விடலாமா?
- ஒரு தாய்

பதில்: பார்க்கட்டும் அம்மா, ஆனால் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உதாரணமாகப் பிரெஞ்சுப் புரட்சி என்றால் பாஸ்டில் கோட்டையைத் தகர்க்கும் காட்சிதான் பிரமாதமாக வரும். (அன்று, 1789 ஜூலை 14 அன்று, உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். கூட்டம் முக்கியமாகப் போனது வெடிமருந்துக்காக.) 'அதெல்லாம் இருக்கட்டும், 1614க்கு அப்புறம் கூட்டாமலே இருந்த ஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் சபையை அந்த வருடம் மே மாதம் ராஜா ஏன் கூட்டினார்?' என்று கேட்டுப் பாருங்கள். கஜானா காலி, அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு உதவி செய்து கடன் ஏறியிருந்தது, வரி போட வேறு வழியில்லை என்று அவன் சொல்லிவிட்டால் அது படிப்புதான். திருதிருவென்று முழித்தால் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு முந்தின நாள் விடிய விடியப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். தூங்கு. பழைய வெற்றுத்தாள்களில் அந்த வேறு நிறத்தில் எழுதியதை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்கு.

கேள்வி: புத்தகத்தில் 'அக்டோபர் புரட்சி' என்று தலைப்பு போட்டுவிட்டு, உள்ளே 1917 நவம்பர் 7 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா? எதை எழுதுவது?

பதில்: பிழை இல்லை. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, நாம் பயன்படுத்தும் நாட்காட்டியைவிட அது பதின்மூன்று நாள் பின்தங்கியது. அவர்களுக்கு அக்டோபர் 25, மற்றவர்களுக்கு நவம்பர் 7. அதே வருடம் பிப்ரவரிப் புரட்சி என்று வருகிறதே, அதுவும் நம் கணக்கில் மார்ச்சில் நடந்ததுதான். 1918இல் நாட்காட்டியை மாற்றியபோது ஜனவரி 31க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று வைத்துவிட்டார்கள். நீ நவம்பர் 7 என்றே எழுது, பக்கத்தில் 'பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 25' என்று சேர்த்துவிடு.