காப்பியைப் பிடுங்கிவிட்டு ஒயின் திராட்சை நடலாமா?

கேள்வி: தாண்டிக்குடி அருகே 1,300 மீட்டர் உயரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் செங்குத்துச் சரிவு இருக்கிறது. வயதான அரபிகா காப்பி, சில்வர் ஓக், கொஞ்சம் மிளகு நிற்கின்றன. ஆஸ்திரியாவில் வேலை பார்க்கும் என் மகன், டானூப் ஆற்றங்கரையில் வாகாவ் என்ற பகுதியில் மலைச்சரிவில் பயோடைனமிக் என்ற, ரசாயனம் சேர்க்காத இயற்கை முறையில் ஒயின் திராட்சை வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, நம் நிலத்திலும் செய்யலாம் என்கிறான். காப்பியை எடுத்துவிட்டு, ஜேசிபி வைத்துப் படிக்கட்டு வெட்டித் திராட்சை போடலாமா? அந்த முறையில் கொம்பில் சாணம் அடைத்து மண்ணில் புதைத்துச் செய்கிற மாட்டுக்கொம்பு உரம் நம் மலைக்கு ஒத்துவருமா?

பதில்: காப்பியைப் பிடுங்க வேண்டாம், ஜேசிபியையும் கூப்பிட வேண்டாம். கொம்பு உரத்தைத் தாராளமாகச் செய்யுங்கள்.

உங்கள் மகன் பார்த்தது நல்ல பண்ணைகளைத்தான். வாகாவில் நிக்கோலாய்ஹோஃப் என்ற பண்ணை 1971 முதலே இந்த முறையில் திராட்சை வளர்க்கிறது. ஆனால் அங்கே சரிவில் நடுவதற்குக் காரணம் வேறு. அந்த ஊர் பூமத்திய ரேகைக்கு 48 பாகை வடக்கில் இருக்கிறது. வெயில் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் விழும். தெற்கு பார்த்த சரிவில் நட்டால்தான் பழம் பழுக்கிற அளவுக்குச் சூடு கிடைக்கும். கல் கட்டுகள் பகல் சூட்டை வாங்கி இரவில் விடும். நாம் இருப்பது 10 பாகையில். ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேயே நிற்கிறது. அந்தச் சரிவு தரும் லாபம் நமக்குக் கிடையாது, மண் அரிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது தூக்கம். குளிர்நாட்டில் கொடி பனிக்காலம் முழுக்க இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் ஒரே சீராகத் துளிர்க்கும். நம் பக்கம் கொடிக்கு அந்தத் தூக்கம் இல்லை. கவாத்து செய்து, அதாவது கிளையை வெட்டித்தான், கொடியைத் துளிர்க்க வைக்க வேண்டும். அப்போதும் துளிர் ஒரு கணு வரும், ஒரு கணு வராது. அதைச் சரிசெய்யத்தான் மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் கவாத்துக்குப் பிறகு ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைத் தடவுகிறார்கள். பயோடைனமிக்கில் அதைத் தொடவே கூடாது.

இதையெல்லாம் சமாளித்தாலும் மூடுபனியைச் சமாளிப்பது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் இலை காய்கிற நேரமே குறைவு. ஈர இலையில் பரவும் அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிட வசதியான இடம் வேண்டாம். மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை அடிக்கலாமே என்பீர்கள். அதற்கு அனுமதி உண்டு, ஆனால் அளவு உண்டு. டெமீட்டர் என்ற பயோடைனமிக் சான்றிதழில் எக்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3 கிலோ செம்புதான் போடலாம். ஏக்கருக்கு 1.2 கிலோ. மயில்துத்தத்தில் கால்பங்குதான் செம்பு என்பதால், கணக்குப்படி ஆண்டு முழுவதற்கும் ஐந்து கிலோவுக்கும் குறைவான மயில்துத்தம்தான். ஒரு சத போர்டோ கலவையாகக் கரைத்தால் 480 லிட்டர் வரும். பந்தல் நிறைய கொடி இருந்தால் ஒரு தடவை தாராளமாக அடிக்கவே சரியாகிவிடும். மழைக்காலம் முழுக்க என்ன செய்வீர்கள்? செம்பு மண்ணை விட்டுப் போகாது என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை அவ்வளவு நன்றாக வருகிறதே என்று கேட்கலாம். அது கீழே, சூடான சமவெளியில். உங்கள் உயரமும் மழையும் வேறு. தவிர, பழம் விளைந்தாலும் உரிமம் இல்லாமல் ஒயின் இறக்க முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 அதற்கு இடம் தராது. ஆசைக்கு வீட்டோரம் வெயில் படும் இடத்தில் நாலு கொடி நட்டுப் பாருங்கள், அது வேறு கதை.

படிக்கட்டு பற்றி: நூறு அடி தூரத்துக்கு 33 அடிக்கு மேல் இறங்குகிற சரிவில் படிக்கட்டு வெட்டவே கூடாது. நீங்கள் செங்குத்து என்று எழுதியிருப்பதால் உங்கள் நிலம் அதைத் தாண்டும் என்றே நினைக்கிறேன். மலைப்பகுதியில் ஆட்சியர் அனுமதியின்றி மண்வெட்டும் இயந்திரம் இறக்குவதும் தவறு. இப்போது அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது காப்பி வேரும் சில்வர் ஓக்கும்தான்.

காப்பிக்கு வயதாகிவிட்டது என்றால் புதுப்பிக்கலாம். அறுவடை முடிந்ததும், கோடை மழைக்கு முன், தரையிலிருந்து ஓரடி விட்டுத் தண்டைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். துளிர்களில் நல்லதாக ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். மூன்று ஏக்கரையும் ஒரே ஆண்டில் வெட்டாதீர்கள், மூன்றில் ஒரு பங்காகப் போங்கள். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஓட்டை தெரிகிற செடியைப் புதுப்பிக்காமல் வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள்.

இனி கொம்பு. 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி விவசாயிகளுக்குச் சொன்னதுதான் பயோடைனமிக் முறை. நிலா பார்த்து விதைப்பதில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் மாட்டையும் மட்கு உரத்தையும் பண்ணையின் நடுவில் வைக்கச் சொல்கிற அந்த ஒழுங்கை நம்புகிறேன், காப்பித் தோட்டத்துக்கு அது அப்படியே பொருந்தும். கன்று ஈன்ற பசுவின் கொம்பு வேண்டும், காளைக் கொம்பு ஆகாது. கறவைப் பசுவின் புதுச்சாணத்தை நிறைத்து, புரட்டாசியில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மாசி, பங்குனியில் எடுப்பது வழக்கம். நம் மலையில் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் கொட்டும் என்பதால் தண்ணீர் நிற்காத மேட்டில் குழி எடுங்கள். நீர் நின்றால் சாணம் சாணமாகவே கிடக்கும். சரியாக ஆகியிருந்தால் சாண நெடி போய்க் காட்டு மண் வாசம் வரும். ஏக்கருக்கு 25 கிராம் எடுத்து 13 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம், நடுவில் சுழி விழும்படி ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் மாற்றி மாற்றிக் கலக்கி, மாலையில் ஈர மண்ணில் பெரிய துளிகளாகத் தெளியுங்கள். இலைக்கு அல்ல, மண்ணுக்கு. இதை மட்டும் நம்பி உரத்தை நிறுத்திவிடாதீர்கள். தொழு உரமும் இலைச்சருகு மூடாக்கும் கட்டாயம். மலை மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பும் வேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள். தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே கேளுங்கள்.

புதைத்த இடத்தின் மேல் கனமான கல்லை அடுக்குங்கள். நாயும் காட்டுப்பன்றியும் கொம்பைத் தோண்டி எடுத்துவிடும்.