முதுநிலை மருத்துவப் படிப்பில் மறுபடியும் இட ஒதுக்கீடு எதற்கு?

கேள்வி இது: “எம்பிபிஎஸ் சேரும்போதே இட ஒதுக்கீடு கொடுத்தாயிற்று. டாக்டரான பிறகு எல்லோரும் சமம்தானே? எம்டி, எம்எஸ் படிப்புக்கும் அதைத் தொடர அரசியல் சட்டத்தில் இடம் உண்டா? தகுதி என்ன ஆவது?”

இடம் உண்டு. ஆனால் ‘இட ஒதுக்கீடு’ என்று நீங்கள் ஒரே சொல்லில் கேட்பது உண்மையில் நான்கு வெவ்வேறு விஷயங்கள். சமூக அடிப்படையில் தருவது ஒன்று. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தருவது இன்னொன்று. அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு என்பது மூன்றாவது. அதே கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கு முன்னுரிமை என்பது நான்காவது. ஒவ்வொன்றும் சட்டத்தில் வெவ்வேறு கால்களில் நிற்கிறது. அவற்றில் ஒன்றின் காலை உச்ச நீதிமன்றமே எடுத்துவிட்டது.

நான் 2021 செப்டம்பர் 11 அன்று முதுநிலை நீட் எழுதியவள். ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய தேர்வு கொரோனாவால் தள்ளிப்போய் அன்றுதான் நடந்தது. அதன் பிறகும் கலந்தாய்வு தொடங்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 29 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. எந்த மாநிலத்தவரும் போட்டியிடக்கூடிய அகில இந்தியத் தொகுப்புக்கு மாநில அரசுக் கல்லூரிகள் கொடுக்கும் இடங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம் என்பதே அந்த அறிவிப்பு. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. மறு ஆய்வுக்கு அரசு அவகாசம் வாங்கியது. டிசம்பரில் டெல்லியில் பயிற்சி மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். நாங்கள் இங்கே தினமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே புற நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2022 ஜனவரி 7 அன்று அந்த ஆண்டுக் கலந்தாய்வுக்கு அனுமதி கிடைத்தது. ஜனவரி 20 அன்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வு விரிவான காரணங்களை வெளியிட்டது. உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. பட்டம் வாங்கிவிட்டதாலேயே ஒருவரின் சமூகப் பின்தங்கல் மறைந்துவிடாது. ஆகவே முதுநிலையில் ஒதுக்கீடு கூடாது என்பது ஏற்கத்தக்கதல்ல என்றது நீதிமன்றம். போட்டித் தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதியின் அளவுகோல் ஆகாது. அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் குடும்பம், பணம், பள்ளி, பயிற்சி எல்லாம் இருக்கின்றன என்றும் சொன்னது.

அரசியல் சட்டத்தின் சொற்களைப் பார்த்தாலும் அதுதான். பிரிவு 15(4), சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. 2005இன் 93ஆவது திருத்தம் கொண்டுவந்த 15(5), சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாகத் தனியார் கல்லூரிச் சேர்க்கைக்கும் அதை விரித்தது. 2019இன் 15(6) பொருளாதாரத்தில் நலிந்தோருக்கானது; அதை 2022 நவம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர் ஏற்றனர். இவற்றில் எதிலும் ‘முதல் பட்டம் வரைக்கும்’ என்ற வரம்பு கிடையாது.

15(4) பிறந்ததே ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தை முன்வைத்துத்தான். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, 14 இடங்களை எடுத்துக்கொண்டால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சென்னையில் கொதிப்பு எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் முதல் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ‘பின்வாசல்’ என்று சிலர் சொல்லும் இந்த வழி, இன்னும் பொதுத் தேர்தல்கூட நடந்திராத குடியரசு தன் இரண்டாம் ஆண்டிலேயே யோசித்து வைத்த முன்வாசல்.

இனி நான் வந்த வழி. நான் சேர்ந்தது அரசுப் பணி மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில். இதைப் பற்றி வெளியே பேசுவது குறைவு. என்னைப் பொறுத்தவரை முதுநிலை ஒதுக்கீட்டின் பொருள் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருந்தேன். ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. குழந்தை அழுதது. நஞ்சுக்கொடியும் முழுதாக வந்தது. அதன் பிறகு இரத்தம் நிற்கவில்லை. கருப்பை சுருங்க மறுத்தது. அதைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை ஏற்றினோம். நான் வயிற்றின் மேல் கை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். செவிலியர் அக்கா இன்னொரு கையில் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தார். 108 வந்தது. நானும் கூடவே ஏறினேன். 32 கிலோமீட்டரில் தாலுகா மருத்துவமனை. அங்கே மகப்பேறு மருத்துவர் இருந்தார், அறுவை அரங்கம் இருந்தது, மயக்க மருந்து நிபுணர் இல்லை. அந்தப் பணியிடம் காலி. சீட்டில் ‘மேல் சிகிச்சைக்கு’ என்று எழுதி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம். அந்தப் பெண் பிழைத்தார், ஆனால் கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வயது 22.

அன்று அந்த அரங்கில் இல்லாமல் போனது இயந்திரமோ மருந்தோ அல்ல. மூன்றாண்டு எம்டி முடித்துவிட்டு அந்த ஊருக்குத் திரும்பி வர மனமுள்ள ஓர் ஆள்.

அந்த ஆளை உருவாக்கத்தான் தமிழகம் பல ஆண்டுகளாக முதுநிலை இடங்களில் பாதியைப் பணியில் உள்ள மருத்துவர்களுக்குத் தந்து வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகளின் 9ஆவது விதியோ வேறு ஏற்பாட்டைச் சொன்னது: பட்டயப் படிப்பில் மட்டும் 50 சதவீத ஒதுக்கீடு, பட்ட மேற்படிப்புக்கு ஒதுக்கீடு இல்லை, தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றினால் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று அதிகபட்சம் 30 சதவீதம் வரை ஊக்க மதிப்பெண். 2016இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை உறுதி செய்ய, 2017இல் தமிழகத்தின் 50 சதவீதம் போயிற்று. அரசு மருத்துவர்கள் போராடினார்கள். நானும் கறுப்புப் பட்டை அணிந்து பணிக்குப் போனேன்.

2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதைத் திருப்பிக் கொடுத்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பில் 15ஆம் பிரிவைவிட, எதில் மத்திய அரசு சட்டம் போடலாம், எதில் மாநிலம் போடலாம் என்று பிரிக்கும் அதிகாரப் பட்டியல்களுக்குத்தான் முக்கிய இடம். மத்தியப் பட்டியலின் 66ஆவது பதிவு உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கவும் நிர்ணயிக்கவும் மட்டுமே மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மருத்துவக் கல்வி உள்ளிட்ட கல்வி, இரண்டு அரசுகளும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலின் 25ஆவது பதிவில் இருக்கிறது. யாருக்குத் தனிச் சேர்க்கை வழி வகுப்பது என்பது தரம் சார்ந்த விஷயம் அல்ல. மாநிலம் தன் மக்களுக்கு மருத்துவம் தரும் பொறுப்போடு சேர்ந்தது. ஆகவே மாநிலம் அதைச் செய்யலாம். அப்படிச் சேர்பவர்கள் படிப்பு முடிந்து குறைந்தது ஐந்தாண்டு கிராமம், பழங்குடி, மலைப் பகுதிகளில் பணியாற்ற உறுதிப் பத்திரம் வாங்குங்கள் என்றும் அமர்வு சொன்னது. மாணவருக்கு அரசு காட்டும் சலுகையாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள் அந்த வரியைப் படிக்க வேண்டும். என் இடம் எனக்குக் கிடைத்த பரிசு அல்ல, என்னிடம் ஒப்படைக்கப்பட்ட கடன்.

வசிப்பிட ஒதுக்கீடுதான் நான் முதலில் சொன்ன, கால் இழந்த ஒன்று. சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரி தொடர்பான தன்வி பெல் வழக்கில், முதுநிலையில் வசிப்பிடத்தை வைத்து இடம் ஒதுக்குவது சமத்துவ உரிமை தரும் பிரிவு 14க்கு முரண் என்று 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பு வந்தது. 1984இன் பிரதீப் ஜெயின் தீர்ப்பிலேயே இதற்கு வித்து உண்டு. அதே கல்லூரியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை மட்டும் அளவோடு தொடர்கிறது. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. மாநிலத்தின் பணத்தில் கட்டிய கல்லூரி மீது அந்த மாநில நோயாளிக்கு ஓர் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

தகுதிக்கு வருகிறேன். ஒதுக்கீட்டில் சேர்ந்த எவருக்கும் எம்டி தேர்வில் ஒதுக்கீடு கிடையாது. ஒரே வினாத்தாள், வெளியிலிருந்து வரும் அதே தேர்வாளர்கள், அதே செய்முறைத் தேர்வு. மயக்க மருந்து கொடுக்க முதுகுத்தண்டில் ஊசி இறங்கும்போது என் சாதிச் சான்றிதழையோ பணிச் சான்றிதழையோ யாரும் கேட்கவில்லை. கை நடுங்குகிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். 2023 செப்டம்பரில் இடங்கள் நிரம்பவில்லை என்று முதுநிலை நீட் தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்குக் குறைத்தார்கள். தேர்வு எழுதிய எவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்றானது. தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடும் வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீடும் பெரும் கட்டணத்தோடு இருக்கின்றன. தகுதியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அங்கிருந்தும் தொடங்கினால் அந்தக் கவலையை நான் மதிப்பேன்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். படிப்பின் உச்சிக்குப் போகப் போக ஒதுக்கீடு குறைய வேண்டும் என்ற கருத்து நீதிமன்றத்திலும் உண்டு. 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் அரசியல் சாசன அமர்வு, டிஎம், எம்சிஎச் போன்ற உயர் சிறப்புப் படிப்புகளில் சிறப்பு ஏற்பாடு கூடாது என்றது. ஆனால் பணியில் இருப்பவர்களுக்கான தனி வழி அங்கும் நுழைந்தது: தமிழகம் 2020 நவம்பரில் அந்தப் படிப்புகளில் 50 சதவீதம் ஒதுக்கியதை, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்த அனுமதித்தது.

நான் இப்போது ஒரு தாலுகா மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர். என் பழைய சுகாதார நிலையத்தில் இன்று இருக்கும் தம்பி அடுத்த நீட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பணிக்காலச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்று போன வாரம் கேட்டார். எதை எடுக்கப் போகிறாய் என்றேன். எலும்பு முறிவு சிகிச்சை என்றார். எங்கள் மருத்துவமனையில் அந்தப் பணியிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.