டிஸ்க் மாறிய கொம்பியூட்டர்: கேள்வி பதில்

ஓஎஸ் (வின்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) உள்ள டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியவர்கள் கேட்கலாம்; கேட்பவரை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். வின்டோஸ்காரர்கள் முதலில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து வையுங்கள்.

வெள்ளவத்தை: அண்ணா, உபுண்டு லினக்ஸ் சர்வர் டிஸ்க்கை வேறு மெஷினில் போட்டேன். பூட் ஆகிறது, நெட்வொர்க் இல்லை. கார்டைக் கண்டுபிடிக்கவில்லையா?

கண்டுபிடித்திருக்கும், தம்பி. ஓஎஸின் மையமான கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் வன்பொருளைப் புதிதாகத்தான் தேடுகிறது. பழைய மெஷினை மறக்காமல் இருப்பது கோப்புகள். கார்டு போர்டின் எந்த பிசிஐ இணைப்பில் இருக்கிறதோ அதை வைத்துப் பெயர் வருகிறது. பழையதில் ‘ஈஎன்பி3எஸ்0’ என்றிருந்தது இப்போது ‘ஈஎன்பி5எஸ்0’ ஆகியிருக்கலாம். நெட்வொர்க் அமைப்பு இருக்கும் நெட்பிளான் கோப்போ இன்னும் பழைய பெயரைத் தேடுகிறது. ‘ஐபி லிங்க்’ கொடுத்துப் புதிய பெயரைப் பார்த்து, கோப்பில் மாற்றுங்கள். அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் ‘எல்எஸ்பிசிஐ -கே’ கொடுங்கள்; பிசிஐ கார்டுகளையும் அவற்றின் டிரைவரையும் காட்டும். கார்டு தெரிந்து டிரைவர் வரி இல்லையா, டிரைவர் பிரச்சினை. கார்டே தெரியவில்லையா, பயோஸில் (மெஷின் தொடங்கும்போது நுழையும் அமைப்புத் திரை) அணைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தெஹிவளை: வின்டோஸ் நீலத்திரையில் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்கிறது.

டிஸ்க்கோடு பேசும் முறை பழைய மெஷினில் ஏஎச்சிஐ ஆகவும் புதியதில் ரெய்ட் அல்லது விஎம்டி ஆகவும் இருந்தால் இப்படி வரும். பயோஸில் பழையபடி வைத்துப் பாருங்கள். அப்புறம் பிட்லாக்கர் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம்: சாவியைக் காத்த டிபிஎம் சிப் பழைய போர்டோடு போய்விட்டது. சாவி இல்லையென்றால்தான் பயப்பட வேண்டும்.

மருதானை: லினக்ஸ் மாற்றினேன், நெட்வொர்க் வரவில்லை.

வெள்ளவத்தைக்கு எழுதியதைப் படியுங்கள்.

மட்டக்குளி: சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ். நெட்வொர்க் கார்டின் பெயர் ‘எத்0’ போய் ‘எத்1’ ஆகிவிட்டது.

இது வேறு. சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ், பழைய கார்டின் மேக் முகவரியை (அதன் தனி எண்) ‘70-பெர்சிஸ்டன்ட்-நெட்’ என்ற விதிக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. அதை அழித்து ரீபூட் செய்யுங்கள். நெட்வொர்க் கோப்பில் மேக் இருந்தால் அதையும் திருத்துங்கள்.

கொட்டாஞ்சேனை: ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும்? யூனிட்டி பிளாசா கொம்பியூட்டர் கடைகளில் கேட்டால் ஓஎஸைப் புதிதாகப் போடச் சொல்வார்கள்.

கடைக்காரருக்கு அது சுகம். உங்கள் கணக்கு மென்பொருளின் லைசென்ஸ், பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கடிதங்கள், பிரிண்டர் அமைப்பு எல்லாவற்றையும் திரும்பப் போடப் போவது அவரா?

கொட்டாஞ்சேனை: பழைய டிரைவர் குப்பை சேருமே?

சேரும், ஆனால் இல்லாத வன்பொருளின் டிரைவர் பொதுவாகச் சும்மா கிடக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி நீக்கலாம்.

தெமட்டகொடை: கொட்டாஞ்சேனை சொல்வதே சரி. என் வின்டோஸ் ஆக்டிவேஷன் போய்விட்டது.

மெஷினோடு வந்த ஓஇஎம் லைசென்ஸாக இருக்கும். அது பழைய மதர்போர்டுக்கு உரியது. புதிதாகப் போட்டாலும் அதே கதைதான். தனியாக வாங்கிய ரீடெயில் என்றால் மாற்றலாம்.

புறக்கோட்டை: நெட்வொர்க்...

வெள்ளவத்தை!

கொள்ளுப்பிட்டி: ஃபெடோரா லினக்ஸ், டிஸ்க்கைத் தேடிக் கிடைக்காமல் ட்ராகட் எமர்ஜென்சியில் நிற்கிறது.

நல்ல கேள்வி. ஃபெடோரா அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்து பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைக் கட்டுகிறது. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘ரெஸ்க்யூ’ வரியில் எல்லா மெஷினுக்கும் பொதுவானது இருக்கும். அதில் நுழைந்து, அந்தக் கோப்பைக் கட்டும் கருவியான ட்ராகட்டைக் கொண்டு புதிதாகக் கட்டுங்கள்.