நால்வர் மேசையில் யார் செலவில் யார் வெல்வது?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையைச் சுற்றி நானும் நண்பர்கள் மூவரும் வெள்ளிக்கிழமை இரவுகளில் ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற கார்டு ஆட்டத்தை, ஆளுக்கொரு தலைவன் கார்டை முன்னிறுத்தும் கமாண்டர் முறையில் ஆடுகிறோம். என்னுடையது கிரெங்கோ தலைமையிலான சிவப்பு நிறக் கோப்ளின் (குட்டிப் பூதம்) டெக், அதாவது கார்டுக் கட்டு. பெரும்பாலும் முதல் ஆளை வெளியேற்றுவது நான்தான். அடுத்து வெளியேறுவதும் நான்தான். நீல டெக் வைத்திருப்பவர் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்து கடைசியில் வெல்கிறார். நானும் நீலத்திற்கு மாறிவிடலாமா?

— ஈசூன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருவர் மட்டும் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகளோடு ஆடும் ஆட்டமாக இருந்தால் உங்கள் டெக்கைக் கண்டு நண்பர்கள் அஞ்சியிருப்பார்கள். கமாண்டரில் ஆளுக்கு 40 புள்ளிகள் என்பதால் நீங்கள் கரைக்க வேண்டியது மொத்தம் 120. ஆனால் கணக்கு இடறுவது அங்கே மட்டுமல்ல. ஒரு கார்டைச் செலவிட்டு எதிராளியின் ஒரு படையை அழித்தால், இருவர் ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுகிறது. நால்வர் ஆட்டத்திலோ உங்களுக்கு ஒன்று போகிறது, அவருக்கு ஒன்று போகிறது, மற்ற இருவருக்கும் எதுவும் போவதில்லை. முதல் ஆளை வெளியேற்ற நீங்கள் செலவழித்த அத்தனையும் அந்த நீல நண்பருக்கு ஊரார் வீட்டு நெய்தான்.

அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். அவர் முன்னால் ‘ரிஸ்டிக் ஸ்டடி’ என்ற கார்டு கிடக்கிறதா என்று பாருங்கள். எதிராளி ஒருவர் ஒரு மந்திரத்தைப் போடும்போதெல்லாம், அவர் கூடுதலாக ஒரு மனா (மந்திரம் போடச் செலவிடும் சக்தி) செலுத்தாவிட்டால், அதன் சொந்தக்காரர் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். எதிராளி ஒருவர்தான் என்றால் அது சுமாரான கார்டு. எதிராளிகள் மூவர் என்றால், பிறர் ஆடும் முறைகளிலும் அவர் கை நிறைந்துகொண்டே போகும். அவசரத்தில் அந்த ஒரு மனாவைக் கட்டாமல் விடுகிறவர், அநேகமாக, நீங்கள்தான்.

உங்கள் கிரெங்கோவின் பலவீனம் அவனைப் பார்த்தவுடனேயே எல்லோருக்கும் புரிந்துவிடுவது. வேறு கோப்ளின் எதுவுமின்றி அவன் தனியாக நின்றாலும், கார்டைச் சாய்த்துத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கோப்ளின்கள் இரட்டிப்பாகும்; நான்கு முறை திருப்பினால் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று மேசை நிரம்பிவிடும். நான்கு மனாவுக்குப் போடக்கூடிய ‘ராத் ஆஃப் காட்’ என்ற கார்டு அந்தப் பதினாறையும் ஒரே வீச்சில் துடைத்துவிடும். போடுகிறவருக்குச் செலவு ஒரு கார்டு, மற்ற மூவருக்கும் மேசையில் இருந்த படை முழுவதும். நானும் ஒருமுறை கையில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டு, அடுத்தவர் போட்ட ஒரே கார்டில் அனைத்தையும் இழந்து, ஒன்றரை மணி நேரம் கோப்பி ஓ குடித்தபடி மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

(முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகிய பெரியவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்தால் குழம்பிப்போவார்கள். அதில் எதிரே அமர்ந்திருப்பவர் நம் ஆள். இதில் அவரும் பகையாளி, ஆனால் இன்று அவரைத் தொடக்கூடாது என்று நிலைமை மாறிக்கொண்டே இருக்கும்.)

இரண்டு மூன்று கார்டுகளை இணைத்து மூவரையும் ஒரே முறையில் வீழ்த்தும் டெக்குகளும் உண்டு. அவற்றுக்கு 120 என்ற கணக்கே கிடையாது. நண்பர்கள் மேசைக்கு அத்தகைய டெக்கைக் கொண்டுவருபவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை என்பது என் கருத்து.

நீங்கள் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. முதலில் யாரை அடிப்பது என்பதை மாற்றுங்கள். எளிதாக விழக்கூடியவரை விட்டுவிட்டு, கையில் அதிகக் கார்டு வைத்திருப்பவர் பக்கம் கோப்ளின்களைத் திருப்புங்கள். கையில் எத்தனை கார்டு என்று கேட்டால் அவர் சொல்லியே ஆகவேண்டும், அது விதி. கிரெங்கோவை, யாராவது மேசையைத் துடைத்த பிறகு இறக்குங்கள். அதுவரை சிறு கோப்ளின்கள் இரண்டு மூன்று போதும். நால்வரும் நீலத்தை எடுத்தால், ஒருவர் போடுவதை மற்றவர் தடுத்துத் தடுத்தே உங்கள் வெள்ளிக்கிழமை ஆட்டம் கடைசி ரயில் போன பிறகும் முடியாது.