ரெவிட் எம்இபி படிக்க அனுப்பலாமா? முதலில் ஒரு வால்வைப் பற்றிக் கேளுங்கள்

மகள் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டார். கட்டடத்தின் குழாய், மின்சாரம், ஏ.சி. அமைப்புகளைக் கணினியில் 3டி மாடலாகச் செய்யும் ரெவிட் எம்இபி மென்பொருளைப் படித்தால் வேலை நிச்சயம் என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். ஆனால் அங்கே எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். விளம்பரத்தில் வரும் வண்ண வண்ண 3டி படம் எதற்கும் சாட்சி இல்லை. ரெவிட்டில் குழாய் இழுப்பது ஒரு வாரத்தில் கைவந்துவிடும். எல்போவும் (குழாயைத் திருப்பும் வளைவு) டீயும் (கிளை பிரிக்கும் பாகம்) வால்வும் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தவருக்குத்தான் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

டெமோ வகுப்புக்குப் போகும்போது மகளை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "50 மி.மீ. குழாயில் 50 மி.மீ. கேட் வால்வு வைத்தால் இரண்டு பக்கமும் ரெடியூசர் வந்து ஒட்டிக்கொள்கிறதே, ஏன் சார்?"

ரெடியூசர் என்பது இரு வேறு அளவுக் குழாய்களை இணைக்கும் பாகம். விடை வால்வின் ஃபேமிலிக்குள் இருக்கிறது. ரெவிட்டில் ஒவ்வொரு பாகமும் ஒரு ஃபேமிலி, அதாவது அதன் வடிவமும் அளவும் அடங்கிய தனி ஃபைல். அதன் வாயில், குழாயோடு இணையும் புள்ளியான கனெக்டர் இருக்கும். குழாய் என்ன அளவு, குடிநீரா கழிவுநீரா, ஓட்டம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்பதெல்லாம் கனெக்டர் வழியாகத்தான் வால்வுக்குத் தெரியும். ஃபேமிலி செய்தவர் ஆரம் கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டத்தைக் கொடுத்திருந்தால் 50 வால்வின் வாய் 100 ஆகிவிடும். அளவு பொருந்தாததால் ரெவிட் தானாகவே ரெடியூசரைப் போட்டு இணைத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு: அளவு இன்ஸ்டன்ஸ் பாராமீட்டராக (ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக மாறுவது) இல்லாமல் டைப் பாராமீட்டராக (அந்த வகை முழுவதற்கும் ஒன்றே) இருந்தால் வால்வு குழாயின் அளவை எடுத்துக்கொள்ளாது, தேர்ந்தெடுத்த டைப்பில் உள்ள 25-லேயே நிற்கும். விஷயம் தெரிந்த ஆசிரியர் ஃபேமிலியைத் திறந்து காட்டுவார். "அதை டெலீட் பண்ணிட்டு வேற டவுன்லோட் பண்ணிக்கோங்க" என்று பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள்.

வால்வு குழாயை வெட்டிக்கொண்டு உள்ளே உட்காராமல் மேலே மிதக்கிறதா? பெரும்பாலும் ஃபேமிலியில் பார்ட் டைப் (பாகத்தின் வகை) 'நார்மல்' என்று இருக்கும். அதை 'பிரேக்ஸ் இன்டூ' வகைக்கு மாற்ற வேண்டும். இரண்டு கனெக்டர்களும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக இருக்க வேண்டும்.

எல்போ வராத சிக்கல் வேறு. குழாயைத் திருப்பும்போது எந்த எல்போ, எந்த டீ போட வேண்டும் என்பதைக் குழாய் வகையின் ரவுட்டிங் பிரிஃபரன்ஸ் என்ற அமைப்பில்தான் சொல்லிவைக்கிறோம். அங்கே எல்போ இடம் காலியாக இருந்தாலோ, அளவு வரம்பு 15 முதல் 50 வரை என்று வைத்துவிட்டு 65 குழாயைத் திருப்பினாலோ, பாதை கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை வரும். எல்லாம் ஏற்றிவைத்த டெம்ப்ளேட்டில் (வேலையைத் தொடங்கும் மாதிரி ஃபைல்) மட்டும் பழகிய மாணவர்கள் இந்த இடத்தில்தான் விழிப்பார்கள். காலி டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

இதைவிட மோசம், எச்சரிக்கையே வராத தவறு. எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படும் பி.வி.சி. கழிவுநீர்க் குழாயில் 110 என்பது வெளிவிட்டம். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ.யில் 100 என்பது பெயரளவுதான்; வெளிவிட்டம் 114.3. ஃபிட்டிங்கின் (எல்போ, டீ போன்ற இணைப்புப் பாகம்) அளவுகள் ஒரு சி.எஸ்.வி. அட்டவணை ஃபைலில் இருக்கும். அதில் 100 மட்டும் இருந்து 110 இல்லாவிட்டால், சூத்திரத்தில் எழுதிவைத்த மாற்று மதிப்பை ஃபிட்டிங் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். படத்தில் ஏதோ ஒரு எல்போ இருக்கும், அளவுதான் தப்பு. மெட்டீரியல் பட்டியலும் அதே தப்போடு சைட்டுக்குப் போகும்.

கழிவுநீர்க் குழாயின் சரிவும் அப்படித்தான். 1:40 சரிவில் 6 மீட்டர் ஓடினால் குழாய் 150 மி.மீ. இறங்கும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். கோணத்துக்குக் கட்டுப்பாடு வைக்காவிட்டால் ரெவிட் 73 டிகிரி எல்போவைக்கூடக் கூசாமல் செய்துதரும். கடையில் கிடைப்பது 45-ம் 87.5-ம். மெக்கானிக்கல் செட்டிங்ஸில் கோணங்களைக் குறிப்பிட்டுவைக்கலாம். ஆனால் சரிவில் வரும் குழாய் செங்குத்துக் குழாயைச் சந்திக்கும் இடத்தில் சரியாக 90 இருக்காது, 1:40-க்கு 88.57 வரும். அனுமதித்த கோணங்களில் அது இல்லையென்றால் இணைப்பு மறுக்கப்படும். அங்கே என்ன செய்வது என்று யோசிக்கத் தெரிந்தால் பிளம்பிங் புரிந்துவிட்டது என்று அர்த்தம். மென்பொருள் அதற்கு அப்புறம்தான்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்து பார்க்கட்டும். தகுதியுள்ள மாணவர்களுக்கு, ரெவிட்டை வெளியிடும் ஆட்டோடெஸ்க் ஓராண்டுக் கல்வி உரிமத்தை இலவசமாகத் தருகிறது. படிப்பு முடிந்துவிட்டதென்றால் சில நாள்களுக்கான இலவச டிரையல் இருக்கிறது. அதில் ஒரே ஒரு டாய்லெட்டை மாடல் செய்யட்டும்: க்ளோசெட்டிலிருந்து 110, ஃப்ளோர் டிராப்பிலிருந்து (தரைத் தண்ணீர் வடியும் வாய்) 75, தண்ணீருக்கு 20 மி.மீ. சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய், உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வால்வு. முடித்ததும் 'ஷோ டிஸ்கனெக்ட்ஸ்' போட்டு எங்கெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று தேடட்டும். குழாய்மேல் கர்சரை வைத்து டேப் விசையைத் தட்டினால் இணைப்பு எதுவரை போகிறது என்று தெரியும். கண்ணுக்கு ஒட்டியது போலத் தெரிந்தாலும் கனெக்டர் சேராமல் இருக்கும் இடங்கள் அங்கே அகப்படும். இந்தத் தேடல் சலிப்பாக இருக்கிறது என்றால் இப்போதே சொல்லிவிடட்டும். இந்த வேலையில் பாதி நாள் இதுதான். பிடித்திருந்தால், மாடலராக மட்டுமல்ல, ஃபேமிலி செய்யும் கன்டென்ட் குழுக்களிலும் முயலலாம். அந்தப் பக்கம் போட்டியிடுபவர்கள் குறைவு என்பது என் கணிப்பு.

லேப்டாப் வாங்குவதாக இருந்தால் விண்டோஸ், 16 ஜி.பி. ராமுக்குக் குறையாமல். மேக் வேண்டாம், ரெவிட் அதில் நேரடியாக ஓடாது. மையத்தில் எந்த வெர்ஷன் என்று கேட்டு அதையே வீட்டிலும் போடுங்கள். புது வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் பழையதில் திறக்க முடியாது, ஃபேமிலிக்கும் அதே கதைதான்.