எந்தச் சட்டம், எந்தச் சாவு?
துப்பாக்கிக் கட்டுப்பாடு: வாசகர் கேள்வி - பதில்

ஆஸ்திரேலியா 1996-ல் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியதால்தான் சாவு குறைந்தது என்று படித்தேன். அதற்கு முன்பிருந்தே குறைந்துகொண்டுதான் வந்தது என்கிறார் என் நண்பர். எது சரி?
*- வாசகர், திருச்சி*

இரண்டிலும் உண்மை இருக்கிறது. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாளில், மே 10 அன்று, பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒரே உடன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள், அதே வகை ஷாட்கன்கள், கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப்-ஆக்‌ஷன் ஷாட்கன்கள் ஆகியவை பொதுமக்கள் கையிலிருந்து போயின. பொது மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியை ஓராண்டுக்கு 0.2 சதவீதப் புள்ளி உயர்த்தி, அந்தப் பணத்தில் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி நொறுக்கியது.

எல்லோரும் இதை மட்டும்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை. துப்பாக்கி வேண்டுபவர் ஏன் வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்டியாக வேண்டும். விவசாயம், வேட்டை, போட்டிச் சுடுதல் என்றால் சரி. 'தற்காப்புக்கு' என்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். காத்திருப்புக் காலம் 28 நாள். ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இனி கணக்கு. துப்பாக்கிச் சாவு விகிதம் 1979 முதல் 1996 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3 சதவீதம் இறங்கியது. 1997 முதல் 2013 வரை சுமார் 5 சதவீதம் இறங்கியது. நண்பர் சொன்ன பழைய இறக்கம் உண்மை, அது வேகம் பிடித்ததும் உண்மை. ஆனால் துப்பாக்கி சம்பந்தப்படாத தற்கொலையும் கொலையும்கூட 1997-க்குப் பிறகு குறையத் தொடங்கின. அதனால் 2016-ல் இந்தக் கணக்கைப் போட்ட ஆய்வாளர்களே முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். நேர்மையான முடிவு அதுதான்.

கூட்டுக் கொலையில் படம் இன்னும் தெளிவு. கொன்றவனைச் சேர்க்காமல் ஐந்து பேராவது துப்பாக்கியால் செத்த சம்பவங்களை எடுத்தால், 1979 முதல் 1996 வரை 13. அதன் பிறகு 2018 வரை, 22 ஆண்டுகளில், ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இது சிறிய எண். இதை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

சாக வேண்டும் என்று முடிவெடுத்தவர், துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி தேட மாட்டாரா? அப்படியானால் சட்டம் எதைத் தடுக்கிறது?
*- வாசகி, தஞ்சாவூர்*

இந்த விவகாரத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேல் தற்கொலை. கொலையை மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்கள் பெரிய பங்கை விட்டுவிடுகிறார்கள்.

'வேறு வழி தேடுவார்' என்பது ஓரளவுக்கு நடக்கிறது, முழுதாக நடப்பதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தது: வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் சிப்பாய் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். சிப்பாய்களின் தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. விடுமுறை நாட்களில்தான் இறங்கியது. ஸ்விட்சர்லாந்து 2003-ல் படையைப் பாதியாகக் குறைத்தபோது வீடுகளில் இருந்த ராணுவத் துப்பாக்கிகளும் குறைந்தன. படைக்குப் போகும் வயது ஆண்களிடையே தற்கொலை குறைந்தது. துப்பாக்கி கைக்கு எட்டாமல் போனதில் தவிர்ந்த துப்பாக்கிச் சாவுகளில் சுமார் 22 சதவீதம்தான் வேறு வழிக்கு மாறியது.

இதே பாடம் துப்பாக்கியே இல்லாமல் இலங்கையில் கிடைத்தது. கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை அங்கே 1995 முதல் படிப்படியாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. காரணம் எளிது: சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கி அந்தக் கொஞ்ச நேரத்தைத் தருவதில்லை.

(மனம் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் 14416 அல்லது 104 எண்ணில் இப்போதே பேசலாம்.)

சிகாகோவில் கடும் சட்டம், தினமும் துப்பாக்கிச் சூடு. இதுவே சட்டம் பயனற்றது என்பதற்கு அத்தாட்சி இல்லையா?
*- வாசகர், கோவை*

இல்லை. சிகாகோவில் குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளில் பாதிக்கும் மேல் வெளிமாநிலத்தில் விற்றவை. அதிகம் வருவது பக்கத்து இந்தியானாவிலிருந்து. ஒரு ஊர் மட்டும் அணை கட்டினால் தண்ணீர் பக்கத்து வாய்க்கால் வழியாக வந்துவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இன்னொரு அமெரிக்க மாநிலமான மிசூரி. அங்கே முன்பு கைத்துப்பாக்கி வாங்க முதலில் உள்ளூர் ஷெரிஃப் (காவல் அதிகாரி) அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டியிருந்தது. குற்றப் பின்னணி அங்கேயே சோதிக்கப்படும். கடையில் வாங்கினாலும் தனி ஆளிடம் வாங்கினாலும் இதே விதி. 2007 ஆகஸ்டில் இதை ரத்து செய்தார்கள். உரிமம் உள்ள கடைக்காரர் மட்டும் சோதித்தால் போதும், தனி ஆள் விற்பனைக்குச் சோதனையே இல்லை என்றானது. துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறத்தாழ கால் பங்கு ஏறியது. வேறு வகைக் கொலை ஏறவில்லை, சுற்றியுள்ள மாநிலங்களிலும் அப்படி ஏறவில்லை. ஒரு சட்டத்தை எடை போட இப்படிப்பட்ட ஒப்பீடுதான் வேண்டும்.

யாராவது புள்ளிவிவரம் காட்டினால் நான்கு கேள்வி கேளுங்கள். எண்ணிக்கையா, லட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதமா? கொலையும் தற்கொலையும் தனித்தனியாக இருக்கிறதா? சட்டத்துக்கு முன் பத்தாண்டுப் போக்கு என்ன? சட்டம் வராத பக்கத்து ஊரில் என்ன நடந்தது? பெரும்பாலான வாட்ஸ்அப் வரைபடங்கள் மூன்றாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

பிரிட்டன் கைத்துப்பாக்கியை அடியோடு தடை செய்தும் குற்றம் கூடியது என்கிறார்களே?
*- வாசகர், சேலம்*

1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். 1997-ல் தடை வந்தது. உரிமத்தோடு வைத்திருந்தவர்கள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். அதன் பிறகும் சில ஆண்டுகள் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் ஏறி, பிறகுதான் இறங்கின. ஒப்படைத்தவர்கள் சுடுதல் மன்ற உறுப்பினர்கள். ரவுடிகளிடம் இருந்தது வேறு சரக்கு. கள்ளத் துப்பாக்கியைத் தொடாத சட்டம் கள்ளத் துப்பாக்கிக் குற்றத்தைக் குறைக்காது. இந்தியாவிலும் இதே கதைதான். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆனால் இங்கே துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பங்கு உரிமமே இல்லாத துப்பாக்கிகளால் நடப்பது.

அப்பாவுக்குத் தோட்டக் காவலுக்காக உரிமத்துடன் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. வீட்டில் சிறுவர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
*- வாசகி, தேனி மாவட்டம்*

அமெரிக்க ஆய்வுகளில் மிக உறுதியான பலன் தெரிவது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்களில்தான். இளம்வயதினரின் துப்பாக்கித் தற்கொலையும் தவறுதலாகச் சுட்டுக்கொள்வதும் அங்கே குறைகின்றன. இதைச் செய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குழலை மடித்துத் திறந்து தோட்டா உட்காரும் இரண்டு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். மேகசின் (கழற்றக்கூடிய தோட்டாக் கூடு) வைத்த துப்பாக்கியில்தான் பெரும் தவறு நடக்கிறது: மேகசினைக் கழற்றியதும் காலி என்று நினைப்பார்கள், உள்ளே ஏறிய ஒரு தோட்டா அறையிலேயே இருக்கும். துப்பாக்கி இரும்புப் பெட்டியில். தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காலிப் பெட்டி 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அதைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால்தான் அந்த விதி. நீங்களும் அப்படியே செய்யலாம்.

சாவிதான் பலவீனமான இடம். பீரோ மேல், சாமி படத்துக்குப் பின்னால் வைப்பதெல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். சாவி அப்பாவிடம் மட்டும் இருக்கட்டும். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தாலோ குடிப்பழக்கத்தில் இருந்தாலோ, துப்பாக்கி கொஞ்ச காலம் வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறீர்கள் அல்லவா? இதற்கும் அதே ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள்.